ஜெயித்த கைதான் என்னைக் கெடுத்தது

போக்கர் ஆடத் தொடங்கிய மூன்றாவது வாரம். டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில். என் கையில் ஆர்ட்டின் ஒன்பதும் ஆர்ட்டின் எட்டும் இருந்தன. மேஜையில் நான்கு சீட்டுகள் திறந்து கிடந்தன: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் நான்கு, கிளாவர் ஜாக்கி, டைமண்ட் இரண்டு. இன்னும் ஒரே ஓர் ஆர்ட்டின் விழுந்தால் எனக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே வகைச் சீட்டு ஐந்து. விழாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. எல்லோரும் கட்டிய பந்தயம் சேரும் ‘பாட்’டில் 100 சிப் இருந்தது. எதிரில் இருந்தவர் அவசரமே இல்லாமல் இன்னொரு 100 சிப்பை எண்ணி முன்னே தள்ளினார்.

நானும் அதே 100 சிப்பைப் போட்டேன், அதாவது ‘கால்’ செய்தேன். ஐந்தாவது சீட்டைத் திருப்பினார்கள். ஆர்ட்டின் மூன்று.

அவர் தன் இரண்டு ஏஸ்களையும் திறந்து காட்டிவிட்டு, ஒரு நொடி என்னைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். “தைரியமாக ஆடினாய்” என்றார் ஒருவர். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த ஆர்ட்டின் மூன்று விழுந்த காட்சியை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த ஆட்டம் வருகிறது என்று நம்பினேன்.

இப்போது அந்தக் கையை, அதாவது அந்த ஒரு சுற்று ஆட்டத்தை, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள். என் கண்ணுக்குத் தெரிந்தவை ஆறு, தெரியாதவை 46. அவற்றில் எனக்கு வேண்டிய ஆர்ட்டின் ஒன்பது. ஆக 46-க்கு 9, அதாவது 100-க்கு 20-ஐக்கூட எட்டாத வாய்ப்பு. 100 சிப் போட்டு 200 சிப்பை வெல்லப் பார்க்கிறேன் என்றால், மூன்றில் ஒரு முறையாவது நான் ஜெயிக்க வேண்டும். ஐந்தில் ஒரு முறை ஜெயிப்பதற்கு நான் கொடுத்த விலை அது. இதே கையை இதே இடத்தில் ஆயிரம் முறை ஆடினால், கால் செய்த ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக 41 சிப் என்னைவிட்டுப் போகும். ஃப்ளஷ் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து மேற்கொண்டு சராசரியாக 211 சிப்பாவது கறக்க முடியும் என்றிருந்தால்தான் அந்தக் கால் கட்டுப்படியாகும். அதை நான் யோசிக்கவே இல்லை. அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தக் கையில் தோற்றிருந்தால் அன்றே ஏதாவது கற்றிருப்பேன். ஜெயித்ததால் அடுத்த பல மாதங்கள் அதே தவறைத் தவறென்றே தெரியாமல், பெருமையோடு செய்தேன். அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கெட்ட சீட்டைப் பற்றியே புலம்புகிறார்கள். என்னைக் கெடுத்தது நல்ல சீட்டு. துரதிர்ஷ்டம் சிப்பை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. அதிர்ஷ்டமோ தப்பான பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறது. சிப்பைத் திரும்பச் சம்பாதிப்பதைவிடப் படித்த பாடத்தை மறப்பது கடினம்.

முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு மாலை ஆடினேன். பன்னிரண்டு மாலைகளில் ஒன்பதில் லாபம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: தேதி, வரவு, செலவு. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான், இருமடங்கு பெரிய பந்தயம் நடக்கும் மேஜைக்கு மாறலாம் என்று முடிவு செய்தேன். ஏழே வாரங்களில் மூன்று மாத லாபமும் போய், கைக்காசும் கரைந்தது.

புள்ளியியல் படித்த நண்பர் ஒருவரிடம் அந்த நோட்டைக் கொடுத்தேன். எங்கே தவறு நடந்தது என்று கேட்பதுதான் என் எண்ணம். அவர் கேட்டது வேறு. “மொத்தம் எத்தனை கை ஆடியிருப்பாய்?”

ஒரு மாலைக்கு ஏறக்குறைய 100 கை. முதல் மூன்று மாதங்களில் 1,200 இருக்கும் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்தார்.

வரம்பில்லாத பந்தய ஹோல்டெமில் 100 கைகளுக்கான திட்டவிலக்கம் பொதுவாக 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை இருக்கும். பெரிய பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை; லாப நஷ்டத்தை அதை வைத்துத்தான் அளப்பார்கள். 90 என்று வைத்துக்கொள்வோம். திட்டவிலக்கம் என்றால் சராசரியிலிருந்து முடிவுகள் எவ்வளவு தூரம் சிதறும் என்பதன் அளவு. 1,200 கைகளுக்கு அந்தச் சிதறல் 312 பிளைண்ட் அளவுக்குப் பெருகிவிடும். இப்போது 100 கைக்கு ஐந்து பிளைண்ட் தோற்கும் ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மோசமான ஆட்டக்காரர்தான், சந்தேகமில்லை. 1,200 கைகளில் அவர் சராசரியாகத் தோற்க வேண்டியது 60 பிளைண்ட். 312 என்ற சிதறலுக்கு முன்னால் அந்த 60 எம்மாத்திரம்? அவர் லாபத்தோடு எழுந்து போக 100-க்கு 42 வாய்ப்பு இருக்கிறது.

நண்பர் பேனாவை மூடிவிட்டு, “உன் நோட்டில் உன் திறமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை” என்றார்.

அவர் தாளின் அடுத்த பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம். 100 கைக்கு ஐந்து பிளைண்ட் ஜெயிக்கும் உண்மையான நல்ல ஆட்டக்காரர்கூட 10,000 கைகளுக்குப் பிறகு நஷ்டத்தில் இருக்க 100-க்கு 29 வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் கைகளுக்குப் பிறகுதான் அது ஏறக்குறைய 4 ஆகக் குறைகிறது. வாரத்துக்கு 100 கை ஆடும் எனக்கு ஒரு லட்சம் கை முடிய 1,000 வாரங்கள் வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேல்.

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதம் வரும்போதெல்லாம், “நீண்ட காலத்தில் திறமைதான் ஜெயிக்கும்” என்று ஒருவர் சொல்லி வாதத்தை முடித்துவைப்பார். அது உண்மைதான். ஆனால் அந்த நீண்ட காலம் எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்வதில்லை. எப்போதாவது ஆடுகிறவருக்கு வாழ்நாளில் பெரும்பகுதி போய்விடும். அதுவரை லாப நஷ்டக் கணக்கைப் பார்த்து நான் நல்ல ஆட்டக்காரனா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஆகவே வேறு ஏதாவது ஒன்றை அளந்தாக வேண்டும்.

இதில் என் கண்ணைத் திறந்தது 2017 ஜனவரியில் நடந்த ஒரு போட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒருவருக்கு ஒருவராக 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடித் தெளிவாக வென்றது. என்னைக் கவர்ந்தது வெற்றி அல்ல, போட்டியை அமைத்த விதம். மனித ஆட்டக்காரர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவருக்கு வந்த சீட்டுகள், அவருடைய ஜோடியின் மேஜையில் கணினிக்குப் போகும். இங்கே கணினிக்கு ஏஸ் ஜோடி என்றால் அங்கே மனிதருக்கு ஏஸ் ஜோடி. இருவரும் வேறு வேறு அறைகளில் இருந்ததால் ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியாது. அதாவது 1,20,000 கைகள் ஆடியும், அதிர்ஷ்டம் தானாக அடங்கிவிடும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இரு பக்கமும் ஒரே சீட்டைக் கொடுத்து அதை முடிந்தவரை வெளியே தள்ளினார்கள். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கிளாடிகோ என்ற முந்தைய நிரல் மனிதர்களோடு 80,000 கைகள் ஆடியது. மனிதர்கள் முன்னிலையில் முடித்தார்கள். ஆனாலும் புள்ளியியல்படி அதைச் சமநிலை என்றே கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எண்பதாயிரம் கைகள் போதவில்லை. நான் பன்னிரண்டு மாலைகளை வைத்துப் பெரிய மேஜைக்குப் போனவன்.

அந்தப் போட்டியில் இன்னொன்றும் நடந்தது. பகலில் ஆட்டக்காரர்கள் தன் ஆட்டத்தில் கண்டுபிடித்த ஓட்டைகளை, லிப்ராடஸ் இரவில் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டு மறுநாள் வந்தது. ஜெயித்த நாளிலும் அடைத்தது, தோற்ற நாளிலும் அடைத்தது. எனக்கு அப்படி ஓர் இரவு வேலை வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு நானும் நண்பரும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு மாலையும் ஆட்டம் முடிந்ததும், நான் தடுமாறிய மூன்று அல்லது நான்கு கைகளை எழுதுகிறேன். பாட்டில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு கேட்டார்கள், நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன், எதிராளியிடம் என்னென்ன சீட்டு இருக்கலாம் என்று அப்போது நினைத்தேன், ஜெயிக்க எனக்கு 100-க்கு எவ்வளவு என்று மதிப்பிட்டேன், என்ன செய்தேன். அதோடு நிறுத்திவிடுகிறேன். அடுத்து என்ன சீட்டு விழுந்தது, யார் ஜெயித்தார்கள் என்று எழுதுவதில்லை. நண்பர் முடிவு தெரியாமல் தீர்ப்பு சொல்ல வேண்டும். அவரும் தன் கைகளை எனக்கு அப்படியே அனுப்புவார்.

இதைத் தொடங்கிய முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் பெரிய பாட் ஜெயித்த ஒரு கையை அவர் “மோசமான கால்” என்று எழுதி அனுப்பினார். “ஆனால் ஜெயித்தேனே” என்று பதில் எழுதப் போன விரலை நிறுத்த வேண்டியிருந்தது. நான் நொந்துபோயிருந்த ஒரு கைக்கு, “இதில் என்ன தடுமாற்றம்? சரியாகத்தானே ஆடியிருக்கிறாய்” என்று வந்தது. முடிவு தெரிந்தவன் கண்ணுக்கு முடிவுதான் தெரியும். அதற்கு முந்தைய நிமிடம் மறைந்துவிடும்.

எதிராளியின் கையை ஒரே சீட்டாக நினைப்பதையும் இந்தப் பழக்கம்தான் போக்கியது. முன்பெல்லாம் “அவரிடம் ஏஸ் இருக்கிறது” என்று தீர்மானித்துவிடுவேன். எழுத உட்காரும்போது அது போதவில்லை. அவர் இப்படிப் பந்தயம் கட்டினால் எந்தெந்தக் கைகள் இருக்கலாம், அவற்றில் எத்தனையை நான் வெல்வேன் என்று பட்டியல் போட வேண்டும். ஏஸ் ஜோடி ஆறு விதமாக வரலாம்; ஏஸும் ராஜாவும் பதினாறு விதமாக வரலாம். இந்த ஒரு விஷயம் தெரிந்ததற்கே, மேஜையில் பல நேரம் என் பயம் பாதியாகக் குறைந்தது.

மேஜையில் இருக்கும்போது இவ்வளவு கணக்கு ஓடாது. அங்கே நான் வைத்திருப்பது ஒரு குறுக்கு வழி. எனக்கு உதவும் சீட்டுகளை எண்ணி, ஒரு சீட்டு பாக்கி என்றால் இரண்டால், இரண்டு சீட்டு பாக்கி என்றால் நான்கால் பெருக்க வேண்டும். ஒன்பது சீட்டு என்றால் 18, 36. உண்மையான விடை ஏறக்குறைய 19.6, 35. போதுமான நெருக்கம். உதவும் சீட்டுகள் அதிகமாகும்போது நான்கின் பெருக்கல் ஏமாற்றும்: பதினைந்து சீட்டுக்கு 60 என்று காட்டும், உண்மை 54. நான்கால் பெருக்குவது, இரண்டு சீட்டையும் மேற்கொண்டு பணம் போடாமல் பார்க்க முடியும் என்ற நிலையில் மட்டும்தான் பொருந்தும். நடுவில் இன்னொரு பந்தயம் வருமானால் இரண்டால்தான் பெருக்க வேண்டும். இதைத் தெரியாமல் நான்கால் பெருக்கிக் கால் செய்து நான் விட்ட சிப் கொஞ்சமல்ல.

ஏற்கெனவே போட்ட சிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியாக ஒரு பழைய புதிரைத் தீர்த்தார்கள். பந்தயம் கட்டி ஆடும் ஓர் ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. அதுவரை யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்ற விகிதத்தில் பிரிக்கலாம் என்று முன்பு சிலர் எண்ணியிருந்தார்கள். இருவரும் சொன்ன விடை வேறு: நடந்து முடிந்ததை விட்டுவிடுங்கள், ஆட்டம் தொடர்ந்தால் இனி நடக்கக்கூடியவற்றை எல்லாம் எண்ணி, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது இந்தக் கடிதங்களிலிருந்துதான். பாட்டில் பாதிச் சிப் என்னுடையது, அதை எப்படி விட்டுப் போவது என்று கை துடிக்கும்போதெல்லாம் இந்த விடையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். போட்ட சிப் ‘பாட்’டுக்குச் சொந்தம். இனி விழப்போகும் சீட்டில் எனக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டும்தான் கேள்வி.

சரி, துரதிர்ஷ்டம்? அதுவும் வந்தது. ஒரு மாலை ஏஸ் ஜோடியோடு, சீட்டு விரிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். எதிராளியிடம் ராஜா ஜோடி. மூன்றாவது ராஜா விழுந்தது. அரை மணி நேரத்தில் வேறொருவரோடு அச்சு அசலாக அதேபோல இன்னொரு கை, மறுபடியும் ராஜா. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை 100-க்கு ஏறக்குறைய 82 முறை வெல்லும். மீதி 18. பகடையை உருட்டி ஆறு விழுவதைவிட இது அதிக வாய்ப்பு. பகடையில் ஆறு விழுந்தால் யாரும் கடவுளைக் கேள்வி கேட்பதில்லை. இரண்டு முறை அடுத்தடுத்துத் தோற்பது ஏறக்குறைய 31-இல் ஒன்று. அரிதுதான், அதிசயமில்லை.

ஆனால் அன்று என்னைச் சாய்த்தது அந்த இரண்டு கைகள் இல்லை. மறுபடியும் சிப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து மேலும் இரண்டு மணி நேரம் ஆடினேன். பழிவாங்குவதுபோல் ஆடினேன், மடக்கிவிட்டு விலக வேண்டிய கையை மடக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கெழுதியபோது தெரிந்தது: அந்த இரண்டு கைகளும் எடுத்தது 160 பிளைண்ட்; கோபம் எடுத்தது 190. முதல் எண்ணை என்னால் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது முழுக்க என் வேலை. சரியாக ஆடிய கையில் தோற்ற பிறகு அடுத்த இருபது நிமிடங்கள் எப்படி ஆடுகிறோம் என்பதும் திறமையின் கணக்கில்தான் வரும். என்னைக் கேட்டால் அதில் பெரிய பங்கே அதுதான் என்பேன். இப்போது பெரிய கை ஒன்றில் தோற்றால் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன். ஒரு மாலைக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எடுத்து வைத்த தொகை தீர்ந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. வாழ்க்கைச் செலவுக்கான பணம் அந்த மேஜைக்கு வருவதே இல்லை. அப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களால் சரியான கையை மடக்கவும் முடிவதில்லை, சரியான கையோடு நிற்கவும் முடிவதில்லை. எவ்வளவு கணக்குத் தெரிந்தாலும் அந்தப் பணம் கணக்குப் போட விடாது.

எங்கள் மேஜையில் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “ஏஸ் ஜோடி வந்து ரொம்ப நாளாகிவிட்டது, இன்று வந்தே தீரும்.” ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறை வரும் என்பது உண்மை. ஆனால் 500 கைகள் ஆடியும் ஒரு முறைகூட வராமலிருக்க 100-க்கு 10 வாய்ப்பு இருக்கிறது. சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் அது புதிதாகப் பிறக்கிறது.

2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியைப் பற்றி, திறமை என்பவர்கள், அதிர்ஷ்டம் என்பவர்கள் என இரு தரப்பும் பேசுவார்கள். 86 டாலர் இணையத் தகுதிச் சுற்று வழியாக வந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 839 பேர் ஆடிய போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர் பில் ஐவி தன் எல்லாச் சிப்பையும் வைத்து மோதிய கையில், கடைசிச் சீட்டாக ஏஸ் விழுந்து மணிமேக்கர் ஜெயித்தார், ஐவி வெளியேறினார். அது அதிர்ஷ்டம். பிறகு இறுதியில் எதிரே மிஞ்சிய சாம் ஃபார்ஹாவுக்கு எதிராக, கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, ஜெயித்துக்கொண்டிருந்த கையை அவரை மடக்க வைத்தார். அதற்கு நெஞ்சழுத்தமும் எதிராளியைப் படிக்கும் கண்ணும் வேண்டும். ஒரே போட்டியில் இரண்டும் இருந்தன. அந்த ஒரு வெற்றியை மட்டும் வைத்து எந்தப் பக்கத்தையும் நிரூபிக்க முடியாது.

எதிரில் இருப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்பது பேரும் ஒரே அளவு கெட்டிக்காரர்களாக இருந்தால் அன்றைய முடிவு முழுக்கச் சீட்டின் கையில்தான். நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் இடங்களில், மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. அந்தப் பங்கையும் தாண்டி ஜெயிக்க வேண்டும். அதனால் எந்த மேஜையில் உட்காருவது, எப்போது எழுவது என்பதே பாதி ஆட்டம். பெரிய மேஜைக்கு நான் மாறியபோது அங்கிருந்தவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று ஒரு மாலையாவது பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நோட்டில் லாபம் இருக்கிறதே என்று நேராகப் போய் உட்கார்ந்தேன்.

அந்த நோட்டில் இப்போது வரவு செலவு கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. முன்பக்கங்களில் கைகள் மட்டும்தான். கடந்த மாதம் நண்பருக்கு அனுப்பிய 14 கைகளில் ஐந்தைத் தவறு என்று திருப்பி அனுப்பினார். அவற்றில் மூன்று ஒரே வகை: கடைசிச் சீட்டு விழுந்த பிறகு வந்த பெரிய பந்தயத்துக்கு, தோற்றிருக்கிறேன் என்று உள்ளுக்குள் தெரிந்தும், எதிராளியிடம் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் ஆசையில் செய்த கால். அந்த மூன்றில் ஒன்றில் நான் ஜெயித்திருந்தேன். அதை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.